பழைய ஃபில்ம் கேமராவுக்கு வயது கணிப்பது எப்படி?

2022 ஜூன் மாதம் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் நடந்த ஏலத்தில் ஒரு கேமரா 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு விலைபோனது. நம் பணத்தில் 100 கோடி ரூபாயைத் தாண்டும். இந்த மாதிரிச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் பரணில் கிடக்கும் கேமராக்கள் கீழே இறங்கிவிடும். புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில், பழைய கைக்கடிகாரத்துக்கும் பித்தளைச் சாமானுக்கும் நடுவே, "பிரெஞ்சுக்காரன் காலத்துப் பெட்டி", "உலகப் போர் கேமரா", "நூறு வருஷப் பழசு" என்ற அடைமொழிகளோடு அவை விலைக்கு வரும்.

இந்த ஊரில் அதை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளவும் முடியாது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர் இது. சைகோனிலும் பிரான்சிலும் வேலை பார்த்துவிட்டுப் பெட்டி படுக்கையோடு திரும்பிய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் சாமான்களும் கை மாறி வருகின்றன. நிஜமாகவே அரிய கேமரா கிடைக்க இடமுண்டு. கதை கட்டி விற்கவும் இடமுண்டு. எது எது என்று பிரிக்க, விற்பவர் சொல்வதை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேமராவைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

வயது, அபூர்வம், விலை

முதல் குழப்பமே இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதில்தான் தொடங்குகிறது.

வெட்ஸ்லரில் விற்றது ஜெர்மன் கேமராவான லைக்காவின் சோதனை வரிசையைச் சேர்ந்தது, எண் 105. லைக்கா முறையாக விற்பனைக்கு வந்தது 1925-ல். அதற்கு முன்பு 1923 வாக்கில் சோதனைக்காக இருபத்துச் சொச்சம் கேமராக்கள் மட்டும் செய்தார்கள். அதே வரிசையில் எண் 122 கொண்ட கேமரா 2018-ல் 24 லட்சம் யூரோவுக்குப் போனது. இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே அபூர்வம். ஆனால் 105 அதை வடிவமைத்த ஓஸ்கார் பார்நாக் சொந்தமாக வைத்துப் படம் எடுத்த கேமரா. அவர் பெயர் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. விலை வித்தியாசத்துக்குக் காரணம், யார் கையில் இருந்தது என்பதும் அதை நிரூபிக்க முடிந்ததும்தான்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். கோடக் நிறுவனம் 1900-ல் ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கிய பிரவுனி டப்பா கேமரா, பிறகு பல மாடல்களாக எண்ணிக்கையில்லாமல் செய்யப்பட்டது. நூறு வயதான டப்பா கேமராக்கள் உலகம் முழுக்கக் குவிந்து கிடப்பதால் விலை சொற்பம். லைக்காவின் எம்3 என்ற மாடல் மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் வந்தது. அபூர்வம் என்று சொல்ல வழியே இல்லை. இருந்தும் விலை அதிகம், ஏனென்றால் இன்றைக்கும் அதில் படம் எடுக்கிறார்கள். பிரான்சின் ஃபோக்கா அதைவிடக் குறைவாகத்தான் செய்யப்பட்டது, ஆனால் தேடி வாங்குபவர்களும் குறைவு. ஆகவே "பழசு" என்ற ஒரு சொல்லுக்காகப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

அடிப்படை விதி

கேமராவின் வயதை ஒரே அடியில் ஒரு வருடமாகச் சொல்வது பெரும்பாலும் நடக்காது. செய்ய முடிந்தது இரண்டு எல்லைகளைக் கண்டுபிடிப்பது: இந்த வருடத்துக்கு முன்பு இருந்திருக்க முடியாது, இந்த வருடத்துக்குப் பின்பு செய்திருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு உறுப்பும் ஒரு எல்லையைத் தரும். எல்லைகள் நெருங்க நெருங்க வயது துல்லியமாகும்.

இதில் முன் எல்லைதான் உறுதியானது. ஒரு வசதி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு அது கேமராவில் இருக்க முடியாது. பின் எல்லை அப்படியில்லை. பழைய பாணியைப் பல வருடம் இழுத்துக்கொண்டே போன கம்பெனிகள் உண்டு. சோவியத் கேமராக்கள் இதற்குப் பேர்போனவை.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

1. ஃபில்ம் அளவு. பின்மூடியைத் திறந்தாலே கிடைக்கும் முதல் சாட்சி. 120 ரோல் 1901-ல் வந்து இன்றும் கடையில் கிடைக்கிறது. அதனால் 120 கேமரா என்பது மட்டும் எதையும் சொல்லாது. 127 ரோல் என்றால் 1912-க்கு முன்பு இல்லை. 620 என்பது அதே 120 ஃபில்மை மெல்லிய சுருளில் சுற்றியது. 1930-களின் தொடக்கத்தில் வந்து 1995-ல் நின்றது. ரோலைப் பிடித்துக்கொள்ளும் முனைகள் இன்றைய 120 சுருளை ஏற்காமல் முட்டினால் 620 என்று சந்தேகிக்கலாம். 126 இன்ஸ்டாமேட்டிக் 1963, விரல் நீளக் குட்டி 110 கேமராக்கள் 1972. நாம் "ரோல்" என்று கடையில் கேட்டு வாங்கிய 35 மி.மீ. கேசட் 1934-ல் கோடக் ரெட்டினாவோடு வந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை: 35 மி.மீ. ஃபில்ம் அதற்கு முன்பே சினிமாவில் இருந்தது, லைக்கா 1925 முதலே அதைத் தன் சொந்தக் கேசட்டில் போட்டுப் பயன்படுத்தியது. 1934 என்பது கடையில் வாங்கி அப்படியே போடும் கேசட்டின் வருடம் மட்டுமே.

2. நாடும் கம்பெனியும். மேற்கு ஜெர்மனி என்றோ டி.டி.ஆர். (கிழக்கு ஜெர்மனி) என்றோ இருந்தால் 1949-க்கு முன்பு இல்லை, அந்த நாடுகளே அப்போதுதான் உருவாயின. ஆனால் வெறும் "ஜெர்மனி" என்றிருந்தால் போருக்கு முந்தையது என்று முடிவுகட்டக் கூடாது. 1954-ல் வந்த எம்3-லும் வெறும் ஜெர்மனிதான். "ஆக்கிரமிப்பிலுள்ள ஜப்பானில் செய்தது" என்ற முத்திரை 1947 முதல் 1952 வரையிலான குறுகிய காலத்தைக் காட்டும். வயது கணிப்பவருக்கு இதைவிட நல்ல முத்திரை கிடைப்பது அரிது. ஸெய்ஸ் ஐகான் என்ற பெயர் நான்கு கம்பெனிகள் சேர்ந்த 1926-க்குப் பிறகு. ஆக்ஃபா-கேவார்ட் என்ற இரட்டைப் பெயர் 1964-க்குப் பிறகு.

3. ஷட்டர் வேக எண்கள். ஒரு நொடியில் எத்தனையில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்கும் என்பதைக் காட்டும் எண்கள் இவை. 25, 50, 100 என்று போனால் பழைய வரிசை. 30, 60, 125 என்று போனால் 1950-களின் நடுவில் பரவிய புதிய வரிசை. எம்3-ன் ஆரம்ப கால உடல்களில் பழைய வரிசையும், 1957-லிருந்து புதிய வரிசையும் இருக்கும். ஒரே மாடலுக்குள்ளேயே முந்தியது பிந்தியது பிரிக்க இது உதவுகிறது.

4. ஃபிளாஷ் இணைப்பு. உடலில் ஃபிளாஷ் வயர் சொருகும் சிறிய வட்டத் துளை ஆலையிலேயே வைத்ததாக இருந்தால் பெரும்பாலும் போருக்குப் பிந்தையது. லைக்காவில் ஃபிளாஷ் இணைப்போடு வந்த முதல் மாடல் 1950-ன் 3எஃப். "ஆலையிலேயே" என்பதை அழுத்திச் சொல்லக் காரணம், நம்மூர் மெக்கானிக்குகள் பழைய உடலில் துளை போட்டு இணைப்பு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரருக்கு வேலை ஓட வேண்டுமே.

5. லென்ஸ் பூச்சு. வெளிச்சத்தில் சாய்த்தால் நீலமோ ஊதாவோ அடித்தால் பூச்சு உண்டு. ஸெய்ஸ் நிறுவனம் 1935-ல் காப்புரிமை பெற்ற முறை. போருக்குப் பிறகே பரவலானது.

6. காப்புரிமைத் தேதி. கோடக் மடிப்புக் கேமராக்களின் உள்ளே வரிசையாகத் தேதிகள் அச்சிட்டிருக்கும். கடைசித் தேதி 1913 என்றிருந்தால் "1913 மாடல்" என்று விற்பார்கள். அது கண்டுபிடிப்புக்கு உரிமை கிடைத்த நாள், கேமரா அதற்கு எத்தனை வருடம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். பின்பக்கத்தில் சிறு கதவைத் திறந்து ஃபில்மின் மேல் எழுதும் வசதி இருந்தால் 1914-க்குப் பிறகு என்பது அதைவிட நல்ல சாட்சி.

சீரியல் நம்பர் சொல்வதும் மறைப்பதும்

எண்ணைப் பார்த்து வருடம் சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். அவற்றை அப்படியே நம்புவதில்தான் சேகரிப்பாளர்கள் அதிகம் இடறுகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு கம்பெனியும் எண்ணை ஒவ்வொரு விதமாகக் கையாண்டது.

கீவ் 4 போன்ற சோவியத் கேமராக்களில் முதல் இரண்டு இலக்கங்கள் வருடம். 66 என்று தொடங்கினால் 1966. இதைக் கற்றுக்கொண்டவர் அடுத்து நிக்கான் எஃப் ஒன்றை எடுத்து, எண் 64-ல் தொடங்குவதைப் பார்த்து 1964 என்று சொல்லிவிடுவார். அது தவறு. நிக்கான் எஃப் 1959-ல் வெளிவந்தபோதே எண்கள் 6400001-லிருந்து தொடங்கின. அந்த 64-க்கும் வருடத்துக்கும் சம்பந்தமில்லை.

லைக்காவில் வேறு சிக்கல். எம்3 எண்கள் 700000-ல் தொடங்குகின்றன என்பது மாதிரியான தகவல்கள் சரியானவையே. ஆனால் எண்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டுப் பிறகு கேமராக்களைச் செய்தார்கள். ஒதுக்கிய வருடமும் ஆலையை விட்டு வெளியேறிய வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, பழைய லைக்காவைத் திருப்பி அனுப்பினால் புதிய மாடலின் வசதிகளைச் சேர்த்து, அதே எண்ணோடு திருப்பித் தந்தார்கள். 1930-ன் எண், 1950-ன் ஃபிளாஷ் இணைப்பு, இரண்டும் ஒரே உடலில் இருக்கலாம். அது போலி இல்லை. பிறந்த வருடத்தை எண்ணும், மாற்றிய காலத்தை வசதிகளும் சொல்கின்றன.

கேனனில் குறியீடு ஒளிந்திருக்கும். ஏஈ-1 மாதிரியான உடல்களில் ஃபில்ம் அறைக்குள் சிறு எழுத்தில் ஒரு ஆங்கில எழுத்தும் எண்களும் அச்சாகியிருக்கும். ஏ என்றால் 1960, பி 1961 என்று வரிசையாகப் போய் இசட் 1985-ல் முடியும், 1986-ல் மறுபடி ஏ. க்யூ என்றிருந்தால் 1976, ஏஈ-1 வெளிவந்த வருடம்.

உடலுக்கு ஒரு வயது, லென்ஸுக்கு ஒரு வயது

கழற்றி மாற்றக்கூடிய லென்ஸ் உள்ள கேமராவில் இரண்டையும் தனித்தனியாகக் கணிக்க வேண்டும். 1938-ன் உடலில் 1952-ன் லென்ஸ் இருந்தால் அதை "1938 கேமரா" என்று முழு விலைக்கு வாங்குவது நஷ்டம்.

அமெரிக்காவில் செய்த கோடக் லென்ஸ்களுக்கு ஒரு சுவாரசியமான வழி உண்டு. 1940-களிலிருந்து லென்ஸ் எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் வரும். "கேமரோசிட்டி" (CAMEROSITY) என்ற பத்தெழுத்துச் சொல்தான் சாவி: சி 1, ஏ 2, எம் 3, ஈ 4, ஆர் 5, ஓ 6, எஸ் 7, ஐ 8, டி 9, ஒய் 0. லென்ஸில் ஈ, ஓ என்றிருந்தால் 46, அதாவது 1946. ஆர், ஏ என்றால் 1952. லென்ஸ் கழற்ற முடியாத கோடக் கேமராவில் இது ஏறத்தாழ கேமராவின் வயதும்கூட.

"போர்க்கால லைக்கா" என்று வருபவை

தங்க முலாம், பாம்புத்தோல், கழுகுச் சின்னம், "பெர்லின் ஒலிம்பிக் 1936" பொறிப்பு. இப்படி அலங்காரத்தோடு வரும் லைக்காவில் பெரும்பாலானவை சோவியத் கேமராக்கள். ஜெர்மன் விமானப்படைக்காகப் பொறிப்போடு செய்த உண்மையான லைக்காக்கள் இருந்தன. அவற்றின் பெயரைச் சொல்லித்தான் இவை விலைபோகின்றன.

லைக்கா 2 மாடலைப் பார்த்து கார்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் என்ற கேமராவைச் செய்தார்கள். மாஸ்கோவுக்கு அருகில் 1948 முதல் ஸோர்க்கி என்ற கேமரா வந்தது. வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று. பின்னால் யாரோ பழைய எழுத்தைத் தேய்த்துவிட்டு லைக்கா என்று பொறித்து விற்றார்கள், இன்னும் விற்கிறார்கள். கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும்:

1. லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே மேற்பக்கம் பாருங்கள். ஃபோகஸைத் தொட்டு உணரும் முனை லைக்காவில் சிறு உருளைச் சக்கரம். ஃபெட்டிலும் ஸோர்க்கியிலும் அது சுழலாத ஆப்பு வடிவ உலோகத் துண்டு.

2. லைக்காவின் லென்ஸ் பெயரான "எல்மார்" என்று எழுதிய 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் அப்பர்ச்சர் இதழ்கள் (ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகள்) எங்கே இருக்கின்றன என்று கவனியுங்கள். உண்மையான எல்மாரில் முதல் கண்ணாடிக்கு உடனே பின்னால். சோவியத் லென்ஸில் இரண்டாவது கண்ணாடிக்கும் பின்னால்.

விற்பவர் லென்ஸைக் கழற்ற விடவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. தங்க முலாம் இல்லாத, தன் சொந்தப் பெயரோடு இருக்கும் ஸோர்க்கி நல்ல கேமராதான். பின்னாளில் வந்த ஸோர்க்கி 4 மட்டும் 17 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. நியாய விலைக்குக் கிடைக்கும், படமும் எடுக்கலாம்.

மரத்தாலும் பித்தளையாலும் செய்து மூன்று காலில் நிறுத்தி வரவேற்பறைக்கு விற்கும் "பழங்காலக் கேமரா"க்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவை இன்றைய அலங்காரப் பொருள்.

இந்த ஊரில் எதிர்பார்க்கக் கூடியவை

பிரெஞ்சுத் தொடர்பு காரணமாக இந்தியாவின் மற்ற ஊர்களில் சாதாரணமாகத் தென்படாத சில பெயர்களுக்கு இங்கே கண் பழகியிருப்பது நல்லது. ஃபோக்கா என்பது போர் முடிந்த கையோடு ஓ.பி.எல். என்ற பிரெஞ்சு நிறுவனம் கொண்டுவந்த 35 மி.மீ. கேமரா, லென்ஸில் ஓப்லார் என்றிருக்கும். கோடக்-பாத்தே என்ற பெயர் 1927-ல் உருவானது, அதற்கு முன்பு இல்லை. இரட்டைக் கண்ணாடியோடு தொலைநோக்கி போலத் தோன்றும் ரிச்சர்ட் வெராஸ்கோப் 1893-ல் வந்தது. 45க்கு 107 மி.மீ. கண்ணாடித் தகட்டில் முப்பரிமாணப் படம் எடுக்கும். கேமராவைவிட அதோடு வரும் தகட்டுப் பெட்டியைக் கவனியுங்கள்: பழைய தெருவோ கடற்கரைப் பாலமோ அதில் இருந்தால், பிரித்து விற்கும்போது போவது கேமராவின் மதிப்பு மட்டுமல்ல.

பிரெஞ்சுக் கேமராக்களில் "எஸ்.ஜே.டே.ஜே." (S.G.D.G.) என்ற நான்கு எழுத்துகள் அடிக்கடி வரும். மாடல் பெயர் என்று நினைத்துத் தேடுபவர்கள் உண்டு. காப்புரிமைக்கு அரசு உத்தரவாதம் கிடையாது என்ற சட்டக் குறிப்பு அது. 1844 முதல் 1968 வரை காப்புரிமை பெற்ற சாமான்களில் இருந்தது. அதிலிருந்து கிடைப்பது ஒரு பின் எல்லை மட்டும்.

பெரிய மனிதர் கதைகளும் இங்கே உலவும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தரைப் படம் எடுத்தது வரலாறு. அதை வைத்து ஒரு பழைய லைக்காவுக்கு யாராவது கதை சேர்த்தால், பார்நாக் கேமராவுக்குக் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: ஆதாரம் எங்கே? ரசீது, கடிதம், ஆலைப் பதிவேடு, ஏதாவது ஒன்று.

கடலூர் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் வேறு வகை. 120 ரோலில் 12 படம் எடுக்கும் ஆக்ஃபா கிளிக் 3 பரோடாவில் செய்யப்பட்டு வீடு வீடாகப் போனது. அதற்குச் சேகரிப்பு விலை குறைவு. கொல்கத்தா நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்த நேஷனல் 35 அதைவிட அரிது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றை இன்னும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. என் கணிப்பில், இந்தியாவில் செய்த கேமராக்களைப் பெட்டி, கையேடு, ரசீதோடு இப்போதே எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

உப்புக்காற்றும் பூஞ்சையும்

வயது சரியாகக் கணித்தாலும் நிலைமை மோசமென்றால் விலை விழும். கடலோர ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிப்பது சாதாரணம். வலை மாதிரிப் படர்ந்து, நாளாக ஆகக் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது. பின்மூடியைத் திறந்து, அப்பர்ச்சரை முழுக்க விரித்து, டார்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. தோல் உறையில் வைத்துப் பூட்டுவதுதான் பலர் செய்யும் பிழை. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உறையைத் தனியாக வையுங்கள். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் கேமரா நிம்மதியாக இருக்கும்.

2004 சுனாமியும் 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயலும் பார்த்த கரை இது. உப்புநீரில் ஊறிய கேமராவைக் காயவைத்து மெருகேற்றினால் வெளியே தெரியாது. திருகாணிகளின் பள்ளத்தில் பச்சைக் களிம்போ துருவோ இருக்கிறதா, ஒரு நொடி வேகத்தில் வைத்தால் ஷட்டர் இழுவையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள்.

நூறு வயது என்று சொன்னால் சட்டம் குறுக்கே வரும்

இணையத்தில் வெளிநாட்டுக்கு விற்க நினைப்பவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம் இது. தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972-ன்படி நூறு ஆண்டு கடந்த பொருள்கள் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரலாம். சிற்பம், ஓவியம் மட்டுமல்ல, கடந்த காலத்தின் அறிவியலையும் கைவினையையும் காட்டும் பொருள்களும் அந்த வரையறையில் இருக்கின்றன. அப்படிப்பட்டதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் வேறு.

விற்பனைக்கு வந்த முதல் லைக்கா 2025-ல் நூறைத் தொட்டுவிட்டது. 1914-க்குப் பிந்தைய மடிப்புக் கோடக்குகள் பலவும் நூறைக் கடந்துவிட்டன, அல்லது கடக்கப் போகின்றன. இந்த நிலையில் 1948-ன் ஸோர்க்கிக்கு "1920" என்று விளம்பரம் போடுபவர், விலை ஏறும் என்று நினைத்துத் தன் பார்சலுக்குத் தானே முட்டுக்கட்டை போடுகிறார். சந்தேகத்துக்கு இடமான பொருளை அனுப்பும் முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் "தொல்பொருள் அல்ல" என்ற சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது சீரியல் நம்பர், ஃபில்ம் அறை, ஷட்டர் வளையம், நாட்டு முத்திரை ஆகியவற்றின் தெளிவான படங்களையும், எந்த அடையாளம் எந்த வருடத்துக்குப் பிந்தையது என்ற ஒரு பக்கக் குறிப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.